மூன்றாம் தேதி போட்ட தளம்

நவம்பர் 3, திங்கள்

சங்குமேடு புயல் பாதுகாப்பு மையத்துக்கு இன்று மேல்தளம் போட்டாகிவிட்டது. காலை ஆறேகாலுக்குத் தொடங்கி மாலை நாலரைக்கு முடித்தோம். நடுவில் ஒரு தூறல். தார்ப்பாயை விரிப்பதற்குள் நின்றுவிட்டது.

எங்கள் கோட்டத்தில் இது புது விதமான டெண்டர். யார் குறைந்த விலை கேட்கிறார் என்பதோடு, எந்தப் பொருள் குறைவான கரிப்புகையை விட்டுத் தயாராகிறது என்பதையும் பார்த்துத்தான் வாங்க வேண்டும். குழுவில் அந்த நிபந்தனையை எழுதியவள் நான். சாதாரண சிமென்டுக்குச் சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட வேண்டும். அதில் போகிற புகை கொஞ்சநஞ்சமல்ல. இந்தச் சிமென்டில் பாதிக்கு மேல் இரும்பு ஆலையில் மிஞ்சுகிற கசடு. அரைத்துக் கலக்கிறார்கள். புகை பாதியாகக் குறைகிறது. உப்புக் காற்றையும் நன்றாகத் தாங்கும். அரசாங்கத்தைவிட அதிகமாகச் சிமென்ட் வாங்குகிறவர் யார் இருக்கிறார்? நாம் கேட்டால் ஆலைகள் மாறும். கடல் ஏறுகிறதே என்று பயந்து கட்டுகிற கட்டடத்துக்கு, கடலை ஏற்றிவிடுகிற சிமென்டையே வாங்கலாமா என்று குழுவில் கேட்டேன். அன்றைக்கு எனக்கு நல்ல தைரியம்.

இதில் ஒரே ஒரு சங்கடம், மெதுவாக இறுகும். மழைக்காலத்தில் இன்னும் மெதுவாக.

செயற்பொறியாளர் வேதரத்தினம் சார் மதியம் வந்து பார்த்தார். "நாயகி, இது உங்க குழந்தை. நல்லா வந்தா எல்லாரும் பங்கு போட்டுக்குவோம். ஏதாவதுன்னா நீங்கதான் தூக்கி வச்சுக்கணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

சேலையில் சிமென்ட் பால் கறை. ஊற வைத்திருக்கிறேன்.

நவம்பர் 5

தளம் காயாமல் இறுகுவதற்காக அதன் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தியிருக்கிறார்கள். கீழே தொண்ணூற்றாறு இரும்பு முட்டுகள் தளத்தைத் தாங்கி நிற்கின்றன. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன். மேஸ்திரி சூசை, "எண்ணுறீங்களா மேடம்? எங்கயும் ஓடிப் போயிராது" என்றார்.

கேஸ் தீர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டில் காப்பி கொடுத்தார்கள்.

நவம்பர் 8

சங்குமேட்டு வார்டு உறுப்பினர் பூமயில் இன்று வேலை நடக்கும் இடத்துக்கே வந்துவிட்டார். ஐம்பது வயதிருக்கும். கருவாட்டு வியாபாரம். ஊரே அவர் குரலுக்கு அடங்கும். கூடவே ஏழெட்டுப் பெண்கள்.

"இந்தா இஞ்சினீரம்மா, சாம்பல்ல கட்டுறீங்களாமே எங்களுக்கு? கலெக்டர் ஆபீசுக்கும் இதே சாம்பல்தானா?"

சாம்பல் இல்லை, கசடு என்று விளக்கினேன். நிலத்துக்கு நல்லது, காற்றுக்கு நல்லது, இருபத்தெட்டு நாளில் மற்றச் சிமென்டுக்குச் சமமாக வந்துவிடும், வருஷம் போகப்போக அதைவிட வலுவாகும் என்றேன்.

"அதுவரைக்கும்?"

"அதுவரைக்கும் முட்டு தாங்கும்."

பூமயில் தளத்தை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ ஏன் கையப் பெசஞ்சுக்கிட்டே பேசுற?" என்று கேட்டார். கொசு என்று சொன்னேன்.

நவம்பர் 10

ஏழாம் நாள் சோதனை. தளம் போட்ட அன்று அதே கலவையில் அச்செடுத்து வைத்த கட்டிகளில் மூன்றை ஆய்வகத்தில் இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தோம். எத்தனை அழுத்தத்தில் உடைகிறதோ அதுதான் வலு. ஏழு நாளில் பதினாறு வர வேண்டும். இருபத்தெட்டாம் நாளில் இருபத்தைந்து.

வந்தது பதினொன்று.

மெதுவாக இறுகும் என்று தெரியும். பதிமூன்று வரும் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது கட்டி உடைந்தபோது ஆய்வக உதவியாளர் என் முகத்தைப் பார்க்காமல் எண்ணை எழுதினார்.

வேதரத்தினம் சாரிடம் சொன்னேன். "இருபத்தெட்டாம் நாள்தானே சட்டம்? இதை ஏன் பெருசு பண்றீங்க? தாளை உங்ககிட்டயே வச்சுக்கங்க" என்றார். வைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழியில் பஸ்ஸில் அதை இரண்டு தடவை பிரித்துப் பார்த்தேன்.

நவம்பர் 12

சூசை மேஸ்திரி டீ கொண்டுவந்து கொடுத்தார். நின்றுகொண்டே இருந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. நாலு வருஷம் முந்தி அந்த ஸ்கூல் கட்டட வேலையில இருந்தது நீங்கதானே? எங்க ஆளுங்க பேசிக்கிட்டாங்க."

எந்த ஸ்கூல் என்று நான் கேட்கவில்லை. மணல் லாரி வந்ததா என்று கேட்டேன். வந்துவிட்டது என்றார். என் முன்னாலேயே இறங்கியிருக்கிறது. நான்தான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 13

என் கணவர் கும்பகோணத்திலிருந்து பேசினார். "தூங்குறியா?" என்று கேட்டார். மாத்திரை எதுவும் போடவில்லை என்று சொன்னேன். அவர் கேட்டது அது இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருக்கும்போது ஒப்பந்ததாரர் குஞ்சிதபாதம் போன் செய்தார்.

"மேடம், நாளையோட பதினாலு நாள். முட்டெல்லாம் எடுத்துரலாமா? அடுத்த வேலைக்கு லாரி நிக்குது. எப்பவும் பதினாலு நாள்தானே எடுக்குறோம்?"

இந்தச் சிமென்டுக்கு அப்படி முடியாது என்றேன்.

"டெண்டர்ல அப்படி எதுவும் போடலையே மேடம். புதுச் சிமென்ட் வாங்குன்னு போட்டீங்க, வாங்கிட்டேன். முட்டை எத்தனை நாள் வைக்கணும்னு நீங்க எழுதல."

உண்மைதான். எழுதவில்லை. எதை வாங்க வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். வாங்கியதை எப்படிக் கையாள வேண்டும் என்று ஒரு வரி எழுதவில்லை.

"நாளைக்கு வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன்.

எழுதிவிட்டுப் பார்க்கிறேன். வேண்டாம் என்று ஏன் அப்போதே சொல்லவில்லை? எண்ணெய்க் கையோடு போனைப் பிடித்திருந்தேன். சரியாகப் பேச முடியவில்லை.

நவம்பர் 17

பதினான்காம் நாள் கட்டிகள் எட்டு மணிக்கு உடைபட்டன. பதினேழு. பரவாயில்லை, ஏறுகிறது. ஆனால் போதாது.

ஆய்வகத்திலிருந்து நேரே சங்குமேட்டுக்குப் போனேன். படியேறும்போதே சத்தம் கேட்டது. இரும்பில் சுத்தியல் அடிக்கிற சத்தம். கூடத்தின் தெற்கு மூலையில் இரண்டு முட்டுகளைத் தளர்த்திவிட்டிருந்தார்கள். மூன்றாவதன் ஆப்பை ஒருவர் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு நேர் பின்னால், தளத்துக்கு அடியில், ஒரு சித்தாள் பெண் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். தலையில் சும்மாடு. இடுப்பில் செருகிய சேலை.

நான் கத்தியது எனக்கே வேறு யாரோ கத்துவதுபோல் இருந்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து வெளியே இழுத்துவந்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னக்கா, பாம்பா?" என்று கேட்டாள்.

சூசை ஓடிவந்தார். "மேடம் நாளைக்கு வந்து பாத்துக்கிறேன்னு சொல்லிட்டாங்க, ஆரம்பிங்கன்னு மொதலாளி சொன்னாரு மேடம்."

"நான் எடுக்கச் சொன்னேனா?"

"வேண்டாம்னும் சொல்லலைன்னாரு."

மூன்று முட்டுகளையும் என் கண் முன்னால் மறுபடி இறுக்கச் சொன்னேன். வேலை இடத்து ஆணைப் பதிவேட்டை எடுத்தேன். இருபத்தெட்டு நாள் முடிந்து என் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் ஒரு முட்டையும் தொடக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தப் பெண்ணின் பெயரைக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

நவம்பர் 18

விரிசல் எதுவும் இல்லை. மூன்று தடவை பார்த்தேன்.

நவம்பர் 21

வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு. வடக்கே போகும் என்கிறார்கள்.

துணி காயவில்லை. வீடு முழுக்க ஈர வாசனை. அரிசியில் வண்டு.

நவம்பர் 22

புயலாகிவிட்டது. நாளை நள்ளிரவு வாக்கில் வடக்கே கரையைக் கடக்குமாம். சங்குமேட்டு மக்களை நாளை மதியம் பஸ்களில் ஏற்றி கடலுக்குத் தள்ளியுள்ள பள்ளிகளுக்குக் கொண்டுபோக ஏற்பாடு.

வேதரத்தினம் சாரிடம் காலையில் சங்குமேட்டுக்குப் போய்வருகிறேன் என்றேன். தளத்தின் மேல் கட்டிய பாத்திகளை உடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கி அந்தப் பாரமும் தளத்தில் இறங்கும். சீக்கிரம் போய்விட்டுத் திரும்பிவிடுங்கள் என்றார்.

நவம்பர் 23

காலை 10.20. சங்குமேடு. பாத்தி உடைத்தாகிவிட்டது. மதகுப் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடுகிறது. திரும்ப வழியில்லை.

11.05. பஸ் வராது.

11.30. அவர்கள் எல்லோரும் இங்கேதான் வருகிறார்கள்.

நவம்பர் 25

நேற்று எழுத முடியவில்லை. இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

புயல் திசை மாறியது. நள்ளிரவில் வரும் என்றது மதியமே வந்துவிட்டது. சங்குமேட்டுக்குக் கிழக்கே கடல், மேற்கே உப்பனாறு. ஆற்றின் மேல் இருக்கிற மதகுப் பாலம் ஒன்றுதான் வெளியே போகிற வழி. அது முங்கியபின் ஊரில் உயரமான இடம் எங்கள் கட்டடம் மட்டும்தான். ஆளுயரத்துக்கும் மேலான மேடை, அதன் மேல் ஒரே கூடம். மூன்று பக்கம் சுவர் எழும்பியிருக்கிறது. ஜன்னல்களுக்குக் கதவு இல்லை. தலைக்கு மேல் இருபது நாள் தளம்.

வட்டாட்சியர் போனில் வந்தார். "மேடம், அந்தக் கட்டடத்துல சனங்களை ஏத்தலாமா? இன்னும் முடியாத கட்டடம். பொறியாளர் நீங்க சொன்னாத்தான் நான் சொல்ல முடியும்."

வேதரத்தினம் சாருக்கு அடித்தேன். காற்றில் அவர் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. "நான் இங்கேருந்து என்ன சொல்றது நாயகி? எடத்துல நீங்க இருக்கீங்க. பாத்துச் செய்ங்க."

அவ்வளவுதான். போன் அறுந்துவிட்டது.

பாத்துச் செய்ங்க.

சூசை என் தோளைத் தொட்டார். அவரும் இரண்டு ஆட்களும் பாத்தி உடைக்க வந்து என்னோடு மாட்டிக்கொண்டவர்கள். கீழே கரையிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. முன்னால் பூமயில்.

அவர் படியின் கீழேயே நின்றார். "இந்தா இஞ்சினீரம்மா, ஏறலாமா வேண்டாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லு. எங்க ஓட்டுக் கூரையில பாதி இப்பவே பறந்துருச்சு."

சுவரில் அடித்தால் எகிறுகிற அளவை வைத்து வலு சொல்கிற கருவி என் பையில் இருந்தது. உத்திரத்தின் பக்கவாட்டில் பத்து இடத்தில் வைத்துப் பார்த்தேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. முட்டு நின்றால் தளம் தாங்கும். முட்டு எதன் மேல் நிற்கிறது? கூடத்தின் தரை மேல். தரை எதன் மேல்? மேடைக்குள் கொட்டிய மண்ணின் மேல். அலை மேடையின் ஓரத்தை அரித்து மண் இறங்கினால் தரை இறங்கும், தரை இறங்கினால் முட்டு இறங்கும். சரி என்று சொல்லவும் கணக்கு இருந்தது, வேண்டாம் என்று சொல்லவும் இருந்தது. இருநூற்றுச் சொச்சம் பேர் மழையில் நின்றார்கள்.

பதிவேட்டைப் பிளாஸ்டிக் பையிலிருந்து எடுத்தேன். "மக்கள் இக்கட்டடத்தில் தங்க அனுமதிக்கிறேன். முட்டுகள் அனைத்தும் நிற்கும் நிலையில் தளம் பாதுகாப்பானது என்பது என் முடிவு. பொறுப்பு என்னுடையது." தேதி, நேரம், கையெழுத்து. மழைத்துளி விழுந்து 'பொறுப்பு' கலங்கிவிட்டது. அதன் மேலேயே இன்னொரு முறை எழுதினேன்.

"ஏறுங்க" என்றேன்.

குழந்தைகள்தான் பெரிய கவலை. தொண்ணூற்றாறு கம்பிகள் நடுவில் அவர்கள் ஓடிப்பிடித்து விளையாட ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றில் மோதி ஆப்பு நழுவினால் போதும். பூமயிலிடம் சொன்னேன். அவர் எதுவும் கேட்கவில்லை. வலைகளைக் கொண்டுவரச் சொல்லி, முட்டுகளை வரிசை வரிசையாக வலையால் சுற்றிக் கட்டவைத்தார். "வலைக்குள்ள கால வச்சா காலை ஒடிச்சுருவேன்" என்று ஒரு சத்தம் போட்டார். அதன் பிறகு ஒரு குழந்தை அசையவில்லை.

ஒரு மணிக்குப் பகல் போன இடம் தெரியவில்லை. காற்று ஜன்னல் வழியாக வந்து தளத்தின் அடியில் முட்டியது. கடல் மேடையின் மேல் வந்து அடிக்கும் ஒவ்வொரு முறையும் தரை உள்ளங்காலில் அதிர்ந்தது. யாரோ ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். யாரோ மாரியம்மனைக் கூப்பிட்டார்கள். முட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டே காலுக்கு வடகிழக்கு மூலையில் 'டங்' என்று ஒரு சத்தம். ஒரு முட்டு சாய்ந்து வலையில் தொங்கியது. பக்கத்து முட்டின் அடியில் ஒரு விரல் இடைவெளி. தரை அங்கே இறங்கியிருந்தது.

எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். "ஒக்காருங்க! யாரும் ஓடாதீங்க! அந்த மூலையை மட்டும் விட்டுட்டு இங்கிட்டு நகருங்க!" அது என் குரல்தான். பூமயில் அதையே நாலு மடங்கு சத்தமாகச் சொன்னார். நகர்ந்தார்கள்.

சூசை ஏற்கெனவே வலையை அறுத்துக்கொண்டிருந்தார். நான் அவரோடு உள்ளே நுழைந்தேன். "நீங்க வெளிய இருங்க மேடம்" என்றார். நான் வெளியே போகவில்லை. சாய்ந்த முட்டை நிமிர்த்தி நான் பிடித்துக்கொள்ள, அவர் அடியில் பலகைத் துண்டு கொடுத்து ஆப்பை அடித்தார். பக்கத்து முட்டுக்கும், அதற்கடுத்ததற்கும். ஒவ்வொரு அடிக்கும் என் பல் நடுங்கியது. பலகை கழற்றிய உத்திரத்தின் பக்கவாட்டு என் தலைக்கு ஓரடி மேலே இருந்தது. அதில் விரிசல் தேடினேன். ஒரு மயிர்க்கோடு தெரிந்தது. விரலால் தடவினேன். பலகை பதிந்த தடம். விரிசல் இல்லை.

வெளியே வந்து சுவரோரம் உட்கார்ந்தேன். பூமயில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் இப்படி நடுங்குற? நீ வாங்கிக் கொடுத்த சிமிட்டி மேல உனக்கே நம்பிக்க இல்லயா?"

"நம்பிக்கை இருக்கு. பயமும் இருக்கு."

"ரெண்டும் இருக்கட்டும். எழுந்து மட்டும் போயிராத. நீ இங்க ஒக்காந்துருக்கேன்னுதான் இவங்க ஒக்காந்துருக்காங்க."

நாலரைக்குக் காற்று இறங்கியது. சங்குமேட்டில் நாற்பது வீடுகளுக்குக் கூரை இல்லை. படகுகள் போய்விட்டன. ஆள் ஒருவரும் போகவில்லை.

நவம்பர் 27

எழுதிவிட வேண்டியதுதான்.

'பாத்துச் செய்ங்க' என்பது என்னுடைய சொல்.

நாலு வருஷம் முன்பு அந்தப் பள்ளிக்கூட வேலையில் தளம் போட்டுப் பத்து நாள். அப்போதும் மழை. வேறு ஒப்பந்ததாரர். காலையில் போன் செய்து முட்டை எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். பள்ளி திறக்க வேண்டும் என்று மேலிடத்தில் அவசரம். கூடாது என்று சொன்னால் எனக்குத் திட்டு விழும். சரி என்று சொன்னால் பொறுப்பு விழும். "பாத்துச் செய்ங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். பதினொன்றரைக்குத் தளம் இறங்கியது. அடியில் பலகை எடுத்துக்கொண்டிருந்த சித்தாள் வீராயி. இருபத்தாறு வயது. அங்கேயே உயிர் போய்விட்டது.

விசாரணையில், அனுமதி இல்லாமல் ஒப்பந்ததாரரே முட்டை எடுத்துவிட்டார் என்று முடிவானது. போனில் பேசினோம் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. என்னைக் கேட்டார்கள். எழுத்தில் எந்த அனுமதியும் தரவில்லை என்றேன். அது பொய் இல்லை. இத்தனை நாளும் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன், அது பொய் இல்லை என்று.

என் கணவரிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை. இன்று போனில் சொன்னேன். "நான் அங்க வரட்டுமா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். கேட்டதற்கு நன்றி என்று சொல்ல மறந்துவிட்டேன்.

டிசம்பர் 1

இருபத்தெட்டாம் நாள். ஆய்வகத்தில் மின்சாரம் நேற்றுதான் வந்தது. முதல் கட்டி இருபத்தெட்டரை. இரண்டாவது இருபத்தொன்பது. மூன்றாவது முப்பது. இருபத்தைந்து போதும்.

ஆய்வக உதவியாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றுவிட்டு வந்தேன்.

வேதரத்தினம் சார் ஸ்வீட் வாங்கிவரச் சொன்னார். "வெள்ளிக்கிழமை குழுக் கூட்டம். இன்னும் மூணு மையத்துக்கு டெண்டர் விடணும். ரிப்போர்ட்ல இந்த முப்பதை மட்டும் போடுங்க. அந்தப் பதினொண்ணு, முட்டு சாஞ்சதெல்லாம் எதுக்கு? பாத்தாங்கன்னா பயந்துட்டுப் பழைய சிமென்டுக்கே போயிருவாங்க. உங்களுக்கு இந்தத் திட்டம் வேணுமா வேண்டாமா?"

வேண்டும். அதுதான் பயமாக இருக்கிறது. அவர் சொல்வதில் பாதி உண்மை.

டிசம்பர் 3

அறிக்கையை நாலு தடவை எழுதினேன். பதினொன்றோடு இரண்டு. பதினொன்று இல்லாமல் இரண்டு.

வண்டு பிடித்த அரிசியைக் கொட்டிவிட்டுப் புது அரிசி வாங்கினேன்.

டிசம்பர் 5, வெள்ளி

கூட்டம் பதினொரு மணிக்கு. தலைவர், நிதி அலுவலர், வேதரத்தினம் சார், நான், இன்னும் மூன்று பேர்.

பதினொன்று இருக்கிற அறிக்கையைக் கொடுத்தேன். வேதரத்தினம் சார் அந்தப் பக்கம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நிதி அலுவலர் நேராகவே கேட்டார். "முட்டை ரெண்டு மடங்கு நாள் வைக்கணும், வேலை தள்ளிப்போகும், ஒப்பந்ததாரர் யாரும் வர மாட்டாங்க. எதுக்கு இந்தத் தலைவலி? எல்லாரும் வாங்குறதையே வாங்கிட்டுப் போகலாமே?"

சிமென்ட் குற்றம் செய்யவில்லை என்றேன். இருபது நாளில் ஒரு புயலைத் தாங்கியிருக்கிறது. குற்றம் டெண்டரை எழுதிய என்னுடையது. பொருளை மட்டும் மாற்றிவிட்டு, அந்தப் பொருள் கேட்கிற நாளை நான் எழுதவில்லை. அந்த நாளையும், முட்டு வாடகையையும், எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் முட்டைத் தொடக் கூடாது என்பதையும் டெண்டரிலேயே போட்டுவிட்டால், விலை கேட்கிறவர் அதையும் சேர்த்துத்தான் கேட்பார். அவசரப்பட அவருக்குக் காரணம் இருக்காது. கடலோரத்தில் இன்னும் மூன்று மையம் கட்டப்போகிறோம். மூன்றையும் பழையபடி கட்டினால் போகிற புகையும் நம் கணக்குத்தான்.

"இருபத்தெட்டு நாள்னு வாய்ல சொன்னாப் போதாதா? அனுமதியை ஏன் எழுத்துலதான் தரணும்னு இவ்வளவு பிடிவாதமா இருக்கீங்க?" என்று தலைவர் கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார்.

தண்ணீர் குடித்தேன்.

சொன்னேன். பள்ளிக்கூடம், பத்தாம் நாள், போன், என் சொல், வீராயி. அந்தப் பெயரை வெளியே சத்தமாகச் சொல்வது அதுதான் முதல் தடவை. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

வேதரத்தினம் சார் மெல்ல, "நாயகிம்மா, போதும்" என்றார். கோபமா பரிதாபமா தெரியவில்லை.

தலைவர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "இதை எழுதித் தருவீங்களா?"

"தர்றேன் சார்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மூன்று மையங்களுக்கும் அதே சிமென்ட், நான் சொன்ன நிபந்தனைகளோடு என்று தீர்மானமானது. பழைய விசாரணையை மறுபடி திறக்கிறார்கள். ஒன்பதாம் தேதி காலையிலிருந்து எந்த வேலையும் என் பொறுப்பில் இல்லை.

வெளியே வந்ததும் ஒரு கரும்புச்சாறு வாங்கிக் குடித்தேன்.

டிசம்பர் 8, திங்கள்

முட்டு எடுக்கும் நாள். எட்டு மணிக்கே சங்குமேட்டில் இருந்தேன். இறங்கிய மூலையில் மண்ணை இடித்துக் கெட்டித்து, தரையைச் சரிசெய்து நாலு நாளாகிறது. பதிவேட்டில் அனுமதி எழுதினேன். முழு வாக்கியமாக. 'எடுக்கலாம்' என்று.

குஞ்சிதபாதம் வந்திருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. சூசை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டு போனார். ஆட்களை ஒவ்வொரு வரிசைக்கும் வெளியே நிறுத்தினோம். நான் உள்ளே நின்றேன். வெளியே வாங்க மேடம் என்று சூசை இன்று சொல்லவில்லை.

எழுபதாவது முட்டு வரும்வரை எண்ணிக்கொண்டிருந்தேன். பிறகு எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

பலகை கழன்ற இடமெல்லாம் தளத்தின் அடிப்பக்கம் லேசான நீலப்பச்சையாக இருந்தது. கசடு சிமென்ட் புதிதில் அப்படித்தான் இருக்கும். காற்றுப் பட்டால் சில நாளில் வெளுத்துவிடும். ஆட்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். தளம் எங்கும் இறங்கவில்லை. அளந்து பார்த்தேன். மறுபடி அளந்தேன்.

பன்னிரண்டு மணிக்குக் கடைசி முட்டும் வெளியே போயிற்று. பூமயிலும் சில பெண்களும் கூட்டிப் பெருக்க வந்தார்கள். வாசலில் நின்று உள்ளே பார்த்தவர் துடைப்பத்தோடு அப்படியே நின்றுவிட்டார்.

"அடியாத்தி. இவ்ளோ பெரிய எடமா இது? அன்னைக்கு மூச்சு முட்டிப்போச்சே."

பிறகு என்னிடம் வந்து, "நாளையிலேருந்து நீ வர மாட்டியாமே, சூசை சொன்னான்" என்றார். ஏன் என்று கேட்டார். சொன்னேன். நடுவில் குறுக்கிடவில்லை. முடிந்ததும் என் தோளைத் தட்டவும் இல்லை, ஆறுதல் சொல்லவும் இல்லை. "அந்தப் பொண்ணுக்குப் புள்ள இருக்கா?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நாலு வருஷமாக நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

விசாரணை நாளை காலை பத்தரை மணிக்கு. முதல் பஸ் ஐந்தே முக்காலுக்கு. வீராயியின் வீட்டுக்காரரையும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று மாலையில் அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். பயமாக இருக்கிறது. தளத்துக்கு அடியில் நின்றபோது இருந்ததைவிட அதிகமாக.

அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.